ஆளில்லாத படம்

பிச்சாவரம் என்றதும் உங்களுக்கு எந்தப் படம் ஞாபகம் வருகிறது? நான் சொல்லிப் பார்க்கட்டுமா? இரண்டு கரையிலும் சுரபுன்னை மரங்கள், வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நிற்கின்றன. மேலே கிளைகள் கூடி ஒரு பச்சைக் குகை. நடுவில் அசையாத தண்ணீர். கீழ் ஓரத்தில் படகின் மூக்கு மட்டும் கொஞ்சம். துடுப்புப் போடுகிறவர் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பயத்தில் சிரிக்கும் மாமியார் இல்லை. டூரிஸம் போஸ்டர், பாங்க் காலண்டர், உங்கள் மச்சான் அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாவற்றிலும் இதே படம்தான். எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். படம் என்னவோ ஒன்றுதான்.

சினிமாக்காரர்களே தேவலை. 'இதயக்கனி'க்கு (1975) எம்.ஜி.ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 'துப்பறிவாளன்' (2017) யூனிட்டும் இங்கே வந்தது. அவர்கள் ஆட்களைக் கொண்டுவந்து காட்டை எடுத்தார்கள். நாம் காட்டுக்குப் போய், அங்கே இருக்கிற ஆட்களை விலக்கிவிட்டு எடுக்கிறோம்.

இந்த ஆளில்லாத படத்தோடுதான் இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் சண்டை.

கேமராவில் சற்று சீரியஸாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பாதையில் ஒன்றைப் பிடிக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? ஒன்று, வனவிலங்கு. இன்னொன்று, பாழடைந்த இடங்கள். இடிந்த கோட்டை, கூரை போன மாதா கோயில், மூடிய ஆலை, ஊரே காலியான தீவு. ஒருவருக்குப் பொறுமையும் விலை உயர்ந்த லென்ஸும் வேண்டும், இன்னொருவருக்கு நல்ல ஷூவும் சாயங்கால வெளிச்சமும் போதும். பார்த்தால் சம்பந்தமில்லாத இரண்டு ஆசைகள். ஆனால் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான். மனுஷ வாடை அடிக்கக் கூடாது!

புலிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து வெறும் பச்சை மெழுகாகிவிடும். லென்ஸின் வாயை அகலமாகத் திறந்தால் வரும் வித்தை அது. அந்தப் பச்சை மெழுகுக்குள் எத்தனை ஜீப்புகள், எத்தனை தொப்பிகள் என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும். பாழடைந்த சுவரை எடுப்பவர் அதையே வேறு விதமாகச் செய்கிறார். ஆடு மேய்க்கிறவர் நகரும் வரைக்கும் காத்திருக்கிறார். அவர் நகர்ந்ததும், க்ளிக். பிறகு அந்தப் படத்துக்குத் 'தனிமை' என்று தலைப்பு வைக்கிறார். ஆடு மேய்க்கிறவர் ரெண்டு அடி தள்ளி நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருக்கிறார் சார்!

இதிலென்ன குற்றம், எது வேண்டுமோ அதை எடுப்பதுதானே கலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். வெட்டாமல் படமே கிடையாது. எதை வெட்டினோம், வெட்டியதைச் சொன்னோமா என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்டுப் பார்க்க கடலூர் மாவட்டத்தைப் போல் வசதியான இடம் கிடையாது. ஏனென்றால் இங்கே காட்டு மிருகமும் சரி, காலியான ஊரும் சரி, மனுஷர்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

முதலில் காலியான ஊர். பிச்சாவரம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. பெயர் எம்.ஜி.ஆர். திட்டு. 2004 டிசம்பர் 26 காலை வரை அது ஒரு மீனவ ஊர். அலை வந்து போன பிறகு அது ஊராக இல்லை. கடலூர் மாவட்டத்தில் அன்று 600-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் இந்தத் திட்டுக்காரர்களும் உண்டு. பிழைத்தவர்களைக் கரைப் பக்கம், கிள்ளை அருகே குடியேற்றினார்கள். திட்டில் மிஞ்சியது உடைந்த சுவர்கள்.

இப்போது அந்தச் சுவர்களுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். கதவு போன நிலைப்படி, அதன் வழியே தெரியும் கடல், ஒரு கீற்று மேகம், கறுப்பு வெள்ளை. படம் நன்றாகவே இருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிலைப்படியில் மாவிலை கட்டியவர்கள், சில கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இருக்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போகிறார்கள், கடலுக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டைத்தான் நாம் 'கைவிடப்பட்ட இடம்' என்று தலைப்புப் போட்டு மாட்டுகிறோம்.

இந்த 'கைவிடப்பட்ட' என்ற வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பாருங்களேன். யார் கைவிட்டது? வார்த்தை சொல்லாது. அதன் இலக்கணம் அப்படி, செய்தவரைத் தூக்கிவிட்டு, செய்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். 'பாழடைந்த' என்பது இன்னும் சாமர்த்தியம். கட்டடம் தானே ஆசைப்பட்டுப் பாழை அடைந்துவிட்ட மாதிரி. தமிழில் எழுதும்போது கூடியவரை செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்லி எங்கள் வாத்தியார் அடிப்பார். படம் எடுக்கிறவர்களுக்கு அப்படி ஒரு வாத்தியார் இல்லை. திட்டுக்காரர்கள் ஊரைக் கைவிடவில்லை. ஊர் அவர்கள் கையை விட்டுப் போனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் படம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். 2005-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில், சுனாமியின்போது கடலோர மரங்கள் எவ்வளவு காப்பாற்றின என்று ஓர் ஆய்வு வந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது நம் கடலூர் மாவட்டக் கடற்கரையைத்தான். அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது அது. மரம் மட்டும் காரணமில்லை, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று வேறு சிலர் இந்த மாதிரி ஆய்வுகளை மறுத்து எழுதினார்கள். அந்த வாதம் இருக்கட்டும். எம்.ஜி.ஆர். திட்டு காட்டுக்குப் பின்னால் இல்லை, முன்னால், வெறும் மணலில் இருந்தது. ஆக, காலண்டரில் தொங்கும் பச்சைக் குகையும் கண்காட்சியில் தொங்கும் உடைந்த நிலைப்படியும் ஒரே கதையின் இரண்டு பாதி. ஒன்றை 'இயற்கை' என்ற தலைப்பில் எடுக்கிறோம், மற்றதை 'சிதைவு' என்ற தலைப்பில். இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்டினால்தான் ஏதாவது புரியும்.

போகிற போக்கில் ஒன்று. இந்தக் காட்டில் தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். கோயிலின் தல விருட்சம். ஊருக்குள் தேடினால் கிடைக்காது, இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகக் கண் தெரியாமல் போகும் என்பார்கள். போட்டோ எடுக்கப் போகிறவர்கள் கிளையை ஒடிக்காமல் இருப்பது உத்தமம்.

எல்லாப் பாழும் ஒன்றல்ல, அதையும் சொல்ல வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேரும் பக்கம், செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து அதை விலைக்கு வாங்கியது. ஷரத்து விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள நிலம் கம்பெனிக்கு. கம்பெனிக்காரன் விடுவானா? ஒரு நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டான். குண்டுக்குள் அகப்பட்ட ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்று பேர் வந்தது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் போனபோது, 1752 வரை கம்பெனிக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். ராபர்ட் கிளைவ் 1756-ல் இங்கே கவர்னராக வந்தார். 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடித்து, சும்மா விடாமல் இடித்தும் போட்டார்.

மிஞ்சியிருக்கும் சுவரை ஆளில்லாமல் எடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருநூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிளைவ் வந்து 'என்னை ஏன் வெட்டினாய்' என்று கேட்கப் போவதில்லை. இடிபாட்டுக்கு வயசு முக்கியம். ஆனாலும் அங்கே எடுக்க வேண்டிய நல்ல படம் அந்தச் சுவர் இல்லை என்பது என் அபிப்பிராயம். கடலூரில் குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஒரு ஊர் இருக்கிறது. அந்தக் குண்டு ஊர்ப் பேரில் அப்படியே தங்கிவிட்டது. அந்த ஊர்ப் பெயர்ப்பலகைக்குக் கீழே ஸ்கூல் பையோடு நிற்கும் ஒரு பிள்ளையைப் படம் எடுங்கள், முந்நூறு வருஷம் ஒரே படத்தில் வந்துவிடும்.

சின்ன வயசுப் பாழ்தான் கஷ்டம். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே கடலோரத்தில், பெரியகுப்பம் பக்கம், நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பாதி கட்டி நின்றது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்ததில் படுத்தது, பிறகு எழவில்லை. 2018-ல் கம்பெனியைக் கலைத்து விற்கும் அளவுக்குப் போய்விட்டது. துருப் பிடித்த குழாய், கோபுரம், முள்செடி, பாழ் ரசிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த முள்செடி முளைத்திருப்பது யாரோ உழுத நிலத்தில். இரும்பு திருடு போவது பேப்பரில் அடிக்கடி வந்தது. நிலம் கொடுத்தவர் என்ன ஆனார் என்று கேட்கும் படம் எங்கே வந்தது? தனுஷ்கோடி கதையும் இதே. 1964 டிசம்பர் புயலில் போன ஊர், வசிக்கத் தகுதியற்றது என்று அரசாங்கம் சொன்ன ஊர். மாதா கோயில் சுவரை எடுக்கும் அத்தனை பேரும் பக்கத்தில் பாசிமாலையும் சங்கும் விற்பவர்களைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள். பேய் நகரம் என்று தலைப்புப் போட வேண்டாமா?

மிருகமும் பாழும் ஒன்றாக வந்த ஒரு படம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுகோத்கா பக்கம் கொல்யூச்சின் என்று ஒரு தீவு. அங்கே ஒரு வானிலை நிலையம், சோவியத் யூனியன் உடைந்ததும் 1992-ல் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். 2021-ல் திமித்ரி கோக் என்ற போட்டோகிராஃபர் அந்த வழியாகக் கப்பலில் போனார். பாழடைந்த வீட்டு ஜன்னலில் ஏதோ அசைகிறது. பார்த்தால், பனிக்கரடி! ஒன்றல்ல, இருபது வரைக்கும். ஜன்னலில் தலையை நீட்டி, திண்ணையில் நின்று, ஏதோ சொந்தக்கார வீட்டுக்கு வந்த மாதிரி. சத்தம் குறைந்த ட்ரோனை அனுப்பி எடுத்தார். 2022-ல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் நடத்தும் போட்டியில் அவருக்குப் பரிசு, அதுவும் 'நகர்ப்புற வனவிலங்கு' பிரிவில்! நகரம் எங்கே இருக்கிறது அங்கே?

உலகமே 'ஹய்யோ, எவ்வளவு அழகு' என்றது. எனக்கும் பிடித்த படம்தான். அழகு ஒரு பக்கம், அந்தப் படத்தில் ஆள் இல்லாமலே ஆள் இருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்த காரணம். ஜன்னல் சட்டத்தை யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முற்றத்தில் எண்ணெய்ப் பீப்பாய்கள் கிடக்கின்றன. கரடியைப் பார்க்கும்போதே, இங்கே இருந்தவன் எங்கே போனான், ஏன் போனான் என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு தேசம் கலைந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன ஆட்களின் கதை அந்த ஜன்னலில் தெரிகிறது. படத்தில் ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆள் இருந்த தடத்தை அழித்தால்தான் எனக்குக் கோபம்.

அழிப்பதில் இன்னொரு தினுசும் இருக்கிறது. இதே லண்டன் போட்டியில் 2009-ல் ஓர் ஓநாய்ப் படத்துக்குப் பெரிய பரிசு. வேலியைத் தாண்டிப் பாயும் ஓநாய், நடு ராத்திரி. அடுத்த ஆண்டு ஜனவரியில் பரிசைப் பிடுங்கிவிட்டார்கள். அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள், எடுத்தவர் மறுத்தார். 2017-ல் பரிசு வாங்கிய எறும்புதின்னிப் படம் 2018-ல் போயிற்று, அதில் இருப்பது பஞ்சு அடைத்த பொம்மை எறும்புதின்னி என்று சந்தேகம். அவரும் மறுத்தார். எது உண்மையோ, ஜனங்களுக்கு வேண்டியது மனுஷன் கை படாத மிருகம் என்று தெரிந்ததும், மனுஷன் கையாலேயே அதைத் தயாரிக்கும் ஆசையும் வந்துவிடுகிறது.

நம்ம ஊர் ஆமைக் குஞ்சு படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்குனி ஆமை என்கிறோமே, அது கடலூர்க் கடற்கரையிலும் வந்து முட்டையிடும். முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சு வந்ததும் வனத்துறையினர் கடலில் விடுவார்கள். படத்தில் என்ன தெரியும்? தங்க நிற மணல், தன்னந்தனியாகக் கடலைப் பார்த்து ஒரே ஒரு குஞ்சு. அந்தக் குஞ்சுக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கும். அதிகாரி, ஸ்கூல் பிள்ளைகள், ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து முட்டை தேடியவர். அந்தக் கடைசி ஆளை விட்டுவிட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? வெளிச்சம் இருக்கும் பக்கம் போவதுதான் ஆமைக் குஞ்சின் சுபாவம், ராத்திரியில் செல்போன் டார்ச்சும் ஃப்ளாஷும் அடித்தால் கடலை விட்டு ரோட்டைப் பார்த்து நகரும். எடுக்கிறவர் கொஞ்சம் அதையும் யோசிக்கலாம்.

ஆளோடு எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா? மேற்கு வங்காளம், பாங்குரா மாவட்டம். பிப்லப் ஹஸ்ரா எடுத்தது, 2017-ல் 'சாங்சுவரி' பத்திரிகையின் முதல் பரிசு. ஒரு தாய் யானையும் குட்டியும் ரோட்டைத் தாண்டி ஓடுகின்றன. பின்னால் ஒரு கும்பல், தீப்பந்து எறிந்திருக்கிறார்கள், குட்டியின் காலருகே நெருப்பு. முன்னால் சில பேர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்து 'அழகு' என்று யாரும் சொல்லவில்லை. யானை பயிரைத் தின்கிறது, மனுஷன் நெருப்பு எறிகிறான், இரண்டு பேருக்கும் போக வேறு இடம் இல்லை. ஒரு பக்கத்தை வெட்டியிருந்தால் பாவமான யானைக்குட்டி. இன்னொரு பக்கத்தை வெட்டியிருந்தால் பயந்து ஓடும் கிராமத்து ஜனங்கள். ரெண்டையும் வைத்ததால்தான் பார்க்கிறவருக்குத் தூக்கம் வரவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது ஒருவர் என்னை முறைத்துப் பார்க்கிறார். மா. கிருஷ்ணன். தமிழில் நாவலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-ல் பிறந்தார், 1996-ல் போனார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பேப்பரில் 1950-லிருந்து சாகும்வரை 46 வருஷம் ஒரு பத்தி எழுதினார். நானெல்லாம் வாராவாரம் எழுதுவதற்கே மூச்சு வாங்குகிறேன்! தமிழில் அவர் எழுதியதைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக வந்திருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். கேமராவைக் கடையில் வாங்கியபடியே வைத்துக்கொள்ள மாட்டார். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றைத் தானே கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். படமெல்லாம் கறுப்பு வெள்ளை. 2006-ல் அவர் எழுத்தும் படமும் சேர்ந்து 'ஐ இன் த ஜங்கிள்' என்று பெரிய புத்தகமாக வந்தது. டி.என்.ஏ. பெருமாளும் அதில் சேர்ந்து உழைத்தவர்.

கிருஷ்ணன் படங்களில் மனுஷன் கிடையாது. காட்டை மனுஷன் கை வைக்காமல் விட்டுவிட வேண்டும் என்ற கட்சி அவர், கறாரான கட்சி. அப்படியானால் என் வாதம் என்ன ஆவது? அவருடைய யானைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இன்றைய போட்டிப் படங்களோடு ஒப்பிட்டால் சுமார்தான். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும், வெளிச்சம் பிரமாதமில்லை. ஆனால் யானையைச் சுற்றிப் புல் இருக்கிறது, மூங்கில் இருக்கிறது, எந்த மாதிரிக் காடு என்று தெரிகிறது. பின்னணியைக் கரைத்துப் பச்சை மெழுகு ஆக்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் அவர் எழுத்து இருக்கிறது. பழக்கிய யானையின் முதுகில் உட்கார்ந்து காட்டு யானையை எடுத்தால் அதையும் எழுதிவிடுவார். ஆக, ஃப்ரேமில் ஆள் இல்லை, பக்கத்து வரியில் ஆள் இருக்கிறார். எப்படி வந்தார், எங்கே நின்றார், எது ஓடிப்போனது, எல்லாம் அங்கே உண்டு. அந்தப் படம் பொய் சொல்லவில்லை.

கொள்கையில் எனக்கு அவரோடு ஒத்துப்போகாத இடமும் இருக்கிறது. முதுமலைக்கு அவர் சொன்னது பொருந்தலாம். சிதம்பரத்துக்குப் பொருந்தாது. காரணம், முதலை.

1970-களில் இந்தியாவில் முதலை அநேகமாகத் தீர்ந்துபோகும் நிலைமை. 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டம் ஆரம்பித்தது. 1976-ல் மாமல்லபுரம் பக்கத்தில் ராம் விட்டேக்கர் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். சட்டம் அதற்கு முன்பே, 1972-லேயே வந்துவிட்டது, முதலையைக் கொன்றால் ஜெயில். திட்டம் ஜெயித்தது. நல்ல விஷயம். கொள்ளிடத்தில் இன்றைக்கு முதலை இருக்கிறது. வெள்ளம் வந்தால் அங்கிருந்து பழைய கொள்ளிடம், வாய்க்கால், குளம் என்று பரவுகிறது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தத் தண்ணீரில்தான் துணி துவைக்கிறார்கள், மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள், புல் அறுத்துக் கட்டை அக்கரையிலிருந்து கொண்டுவருகிறார்கள். முதலை கடித்துச் செத்தவர்கள் உண்டு. கை கால் போனவர்கள் உண்டு. அந்த ஊர்களில் யாரும் முதலையைக் கொல்லு என்று கேட்கவில்லை, ஒரு பண்ணை வைத்துப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றுதான் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள்.

இந்த முதலையைப் போட்டிக்கு எடுத்தால் எப்படி எடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் மட்டத்தில் கேமரா. இரண்டு கண், ஒரு மூக்கு, கண்ணில் வானம் பிரதிபலிக்கும். பின்னால் ஒன்றுமில்லை. ஆதிகால உயிரினம், அமைதி, கம்பீரம். அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் படித்துறை இருக்கிறது, சோப்பு டப்பா இருக்கிறது, எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதை ஒரு ஸ்டாப் கூட்டிக் குறைத்தால் தெரிய வைக்கலாம். தெரிய வைத்தால் படம் கெட்டுப்போகும் என்று பயம்.

இதற்கு நேர் எதிர், நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் முதலைப் படம். வருஷத்துக்குப் பல தடவை வரும், பார்த்திருப்பீர்கள். கலைக் கண்காட்சியில் மாட்ட மாட்டார்கள். ஃப்ளாஷ் அடித்து மூஞ்சியெல்லாம் வெளுத்திருக்கும். வாயையும் காலையும் கயிற்றால் கட்டிய முதலை நடுவில். சுற்றி வனத்துறை ஆட்கள், லுங்கியை மடித்துக் கட்டிய இளைஞர்கள், ஓரத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா. பாதிப் பேர் கையில் செல்போன். ஒருத்தரும் போஸ் கொடுக்கவில்லை, அல்லது எல்லாரும் போஸ் கொடுக்கிறார்கள். அந்த ஒரு படத்தில் மிருகம் இருக்கிறது, பயம் இருக்கிறது, கொஞ்சம் பெருமை இருக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டுமே என்ற அவசரம் இருக்கிறது. நம்ம ஊர் வனவிலங்குப் புகைப்படக் கலை என்று ஒன்று இருந்தால் அதை இங்கேயிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல லென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வருஷம் நின்றால் போதும்.

படத்துக்குக் கீழே எழுதுவதையும் பாருங்கள். போட்டிப் படத்துக்குக் கீழே லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், ஷட்டர் வேகம் என்ன, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என்று இருக்கும். இடத்தின் பெயர் இருந்தால் ஆச்சரியம். நாளிதழ்ப் படத்துக்குக் கீழே எந்த ஊர், யார் வயல் பக்கத்து எந்தக் குளம், எத்தனை அடி நீளம், எத்தனை கிலோ என்று இருக்கும். கடைசியில் பெரும்பாலும் ஒரே வரிதான், பிடிபட்ட முதலை வக்காரமாரி ஏரியில் விடப்பட்டது என்று. ஏரி அங்கேயிருந்து ஒன்றும் தூரமில்லை. அடுத்த வெள்ளத்தில் திரும்பி வருமா என்று ஊர்க்காரர்கள் வனத்துறைக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அநேகமாக அந்தப் படத்தை எடுத்திருப்பார்கள்.